மீன் வளர்ப்போர் சங்கத்தில் சேர்வதால் பயன் உண்டா? பதினேழு மீன்களை இழந்தவன் கேட்கிறேன்

பெரம்பூர்த் தொட்டி | ஜூன் 3, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். கடந்த டிசம்பரில் இரண்டடித் தொட்டி ஒன்று வாங்கினேன். நீளம் 24 அங்குலம், அகலம் 12, உயரம் 15. ஏறத்தாழ 70 லிட்டர் பிடிக்கும். அன்றிலிருந்து இறந்த மீன்களை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். தங்கமீன் 4, நியான் டெட்ரா 8, ஏஞ்சல் 2, மோலி 2, கடையில் ‘டேங்க் கிளீனர்’ என்று கொடுத்த கறுப்பு மீன் 1. மொத்தம் 17. இப்போது உயிரோடு இருப்பவை மூன்று மோலிகள். அவையும் என்னைக் கண்டாலே ஒளிந்துகொள்கின்றன.

“காசைத் தண்ணீரில் போடுவது என்று சொல்வார்கள், இப்போதுதான் கண்ணால் பார்க்கிறேன்” என்கிறார் அம்மா.

அலுவலக நண்பர் ஒருவர், வில்லிவாக்கம் பக்கம் மீன் வளர்ப்போர் சங்கம் ஒன்று இருப்பதாகச் சொன்னார். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு யாராவது ஓர் உறுப்பினர் வீட்டில் கூடுவார்களாம். ஆண்டுக் கட்டணம் 600 ரூபாய். எனக்கு இரண்டு தயக்கங்கள். அங்கே எல்லோரும் கரைகண்டவர்களாக இருப்பார்கள், பதினேழு மீன்களைக் கொன்றவன் போய் நின்றால் சிரிப்பார்கள். இரண்டாவது, சங்கம் என்ற பெயரில் மீன் விற்கும் இடமாக இருந்துவிட்டால்? இப்படிப்பட்ட குழுக்களில் சேர்ந்தவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்.

கொளத்தூர் கப்பி | ஜூன் 3, இரவு 11.15

தம்பி, சங்கத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கினீர்களா? வடிகட்டியின் பஞ்சை எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள்?

பெரம்பூர்த் தொட்டி | ஜூன் 3, இரவு 11.32

ஒரே நாளில்தான் அண்ணா. உங்கள் கொளத்தூர் வண்ணமீன் சந்தையில்தான். காலையில் தொட்டி, மதியத்திற்குள் மீன். பஞ்சை ஞாயிறுதோறும் குழாயடியில் வெள்ளையாகும்வரை அலசுவேன். தொட்டித் தண்ணீரையும் முழுவதுமாக இறைத்துவிட்டுப் புதிது நிரப்புவேன். சுத்தம் சோறு போடும் என்றுதானே வளர்த்திருக்கிறார்கள்.

கொளத்தூர் கப்பி | ஜூன் 4, காலை 6.05

சுத்தம் சோறு போடும். உங்கள் தொட்டியில் பால் ஊற்றியிருக்கிறது.

கோபம் வேண்டாம், நானும் அப்படித்தான் தொடங்கினேன். மீன் மூச்சு விடும்போதே செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிச்சத் தீனியும் கழிவும் அழுகி மேலும் அம்மோனியா தருகின்றன. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அளவோடு இருந்தால் மீன் தாங்கிக்கொள்ளும், வாராவாரம் கால்பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். இந்த இரண்டு கூட்டங்களும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அவை குடியிருக்கும் வீடு உங்கள் பஞ்சு. நீங்கள் ஞாயிறுதோறும் குளோரின் கலந்த தண்ணீரில் அந்த வீட்டை இடித்து வந்திருக்கிறீர்கள். ஆறு மாதம் ஆகியும் உங்கள் தொட்டிக்கு வயது ஒரு வாரம்தான்.

இனிப் பஞ்சைக் கழுவினால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து அதில் இரண்டு முறை பிழிந்தால் போதும். பழுப்பாகவே இருக்கட்டும்.

இப்போது சங்கத்துக்கு வருகிறேன். அங்கே கிடைக்கும் மிக விலை உயர்ந்த பொருள் எந்தக் கடையிலும் விற்பதில்லை. ஒரு நல்ல தொட்டியில் பல மாதங்கள் ஓடிய அழுக்குப் பஞ்சு. அதை உங்கள் தொட்டியில் போட்டால் ஆறு வாரக் காத்திருப்பு வெகுவாகக் குறையும். யாரும் காசு கேட்க மாட்டார்கள். அதற்காகவே போங்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது: நான் கப்பி மீன் வளர்த்து விற்பவன். ஞாயிற்றுக்கிழமை கடையில் நெரியும் கூட்டத்தில் இதையெல்லாம் சொல்ல எங்களுக்கு நேரமில்லை. சொன்னால் அன்று மீனும் விற்காது. அது எங்கள் பக்கத்துக் குறை.

கசப்பு மருந்து | ஜூன் 4, காலை 9.20

மேலே சொன்ன அறிவியல் சரி. சங்கத்தைப் பற்றிய பாட்டுத்தான் கொஞ்சம் இனிப்பாக இருக்கிறது. நான் வேறொரு ஊரில் (பெயர் வேண்டாம்) இப்படி ஒரு குழுவில் ஐந்து ஆண்டுகள் இருந்தேன். முதல் ஆண்டு பொற்காலம். எட்டுப் பேர், ஒரு மொட்டைமாடி, வெங்காய பஜ்ஜி. இரண்டாம் ஆண்டு தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பதவிகள் வந்தன. மூன்றாம் ஆண்டு பதவிக்குப் போட்டி. நான்காம் ஆண்டு ‘மொத்தமாக வாங்கினால் மலிவு’ என்று வெளியூரிலிருந்து டிஸ்கஸ் மீன்கள் வரவழைத்தார்கள். யார் எவ்வளவு லாபம் வைத்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது, கணக்கை யாரும் படித்துக் காட்டவில்லை.

அந்தக் கூட்டத்தில் நான் வாங்கி வந்த இரண்டு மீன்களால் என் நான்கடித் தொட்டி முழுவதும் வெண்புள்ளி நோய். தனிமைத் தொட்டியில் வைக்காமல் நேராகப் போட்டது என் தவறு. ஆனால் ‘நம் சங்கத்து மீன், பயமே வேண்டாம்’ என்று சொன்னவர் அதே தலைவர். ஒன்பது ஆண்டுகள் என்னோடு இருந்த ஓர் ஆஸ்கர் மீன் போய்விட்டது. தொட்டிக்குள் கையை விட்டால் வந்து உரசும். அதற்குப் பிறகு நான் எந்தக் கூட்டத்திற்கும் போகவில்லை.

போங்கள். ஆனால் பணப்பையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

நீலக்கால் இறால் | ஜூன் 4, காலை 9.41

பதினேழுதானா? முதல் ஆண்டில் நான் நாற்பதைத் தாண்டினேன். நோட்டில் எழுதும் தைரியம் உங்களுக்கு இருந்திருக்கிறது, எனக்கு இல்லை.

மாடித்தொட்டி | ஜூன் 4, மதியம் 2.10

தம்பி, நான் ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியன். வயது 71. இந்த நகரத்துக்கு மீன் பார்க்கும் ஆசை புதிதல்ல. 1909லேயே மெரினா கடற்கரையில் மீன் காட்சிசாலை திறந்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தை நடத்திய எட்கர் தர்ஸ்டனுக்கு அதில் பெரிய பங்கு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. என் தந்தை சிறுவனாக அதைப் பார்த்தவர். அங்கே பார்த்த கடற்பாம்பைப் பற்றிச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நோய்தான் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

கூட்டத்துக்குப் போகும்போது இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போங்கள். ஒன்றில் தொட்டித் தண்ணீர், இன்னொன்றில் குழாய்த் தண்ணீர். எதில் எது என்று எழுதி ஒட்டுங்கள். புதிதாக வருகிறவர் கையில் தண்ணீர் இருந்தால், சங்கத்துக்காரர்கள் ஊர்க் கதையை விட்டுவிட்டு உங்களைச் சூழ்ந்துகொள்வார்கள். வெறுங்கையோடு போனால் வணக்கம் சொல்லி ஒரு நாற்காலி காட்டுவார்கள், அவ்வளவுதான். கூடவே அந்த நோட்டும் போகட்டும்.

கசப்பு மருந்து சொன்னதிலும் உண்மை இருக்கிறது. முதல் நாளே கட்டணம் கட்டாதீர்கள், விருந்தாளியாக இரண்டு கூட்டங்கள் பாருங்கள். மீன் கைமாறும் இடத்தில் ‘இது எத்தனை நாளாக உங்கள் தொட்டியில் இருக்கிறது’ என்று கேட்டுப் பாருங்கள். முகம் சுளித்தால் அது சந்தை. ‘நேற்று வந்தது, மூன்று வாரம் தனியாக வையுங்கள்’ என்று தானாகவே சொன்னால் அது சங்கம்.

நான் ஏன் இன்னும் போகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் மூன்று நாட்கள் மின்சாரம் இல்லை. மாடியில் ஐந்து தொட்டிகள். முதல் இரவு முழுவதும் குவளையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன், காற்று கலக்க வேறு வழியில்லை. மறுநாள் காலை சங்கத்துப் பையன் ஒருவன் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தான். அவன் தோள்பையில் மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்புகள் இரண்டு. அவன் தொட்டிகளுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை எடுத்து வந்திருக்கிறான். வந்தவன் முதலில் என் வெளிவடிகட்டியைத் திறந்து பஞ்சை எடுத்துத் தொட்டிக்குள் தொங்கவிட்டான். ஓட்டம் நின்ற வடிகட்டிக்குள் நுண்ணுயிர்கள் மூச்சுமுட்டிச் செத்து அழுகும். மின்சாரம் வந்ததும் அப்படியே போட்டால் அந்த நாற்றநீர் முழுவதும் தொட்டிக்குள் இறங்கும். நாற்பது ஆண்டுகள் வேதியியல் நடத்திய எனக்கு அந்த நேரத்தில் அது தோன்றவில்லை.

தங்கமீன் அம்மா | ஜூன் 4, மாலை 5.55

நான் எழுதினால் பெண்கள் யாருக்காவது பயன்படலாம். நானும் பன்னிரண்டு வயது மகளும் ஒரு சங்கத்தில் இரண்டு ஆண்டுகளாக இருக்கிறோம் (தம்பி கேட்கும் சங்கம் அல்ல, தென்சென்னையில் வேறொன்று). முதல் கூட்டத்தில் முப்பது ஆண்கள், நாங்கள் இருவர். ஒருவர் என்னிடம் “சார் வரவில்லையா?” என்று கேட்டார். தொட்டி அவருடையது என்று நினைத்துவிட்டார். என் கணவருக்கு மீன் குழம்பில் மட்டும்தான் ஆர்வம் என்று சொன்னேன்.

சிலருடைய பேச்சு எரிச்சலூட்டும். விலை உயர்ந்த அரோவானா மீன் வைத்திருப்பவர் கப்பி வைத்திருப்பவரைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, கார் வைத்திருப்பவர் சைக்கிளைப் பார்ப்பது போல. ஆனால் என் மகள் ஒரு கூட்டத்தில் எழுந்து, சாயம் ஏற்றிய மீன்களை உறுப்பினர்கள் வாங்கக் கூடாது என்று தீர்மானம் போடச் சொன்னாள். கண்ணாடி மீனின் உடம்பில் ஊசியால் இளஞ்சிவப்பும் பச்சையும் ஏற்றி விற்கிறார்களே, அதைப் பற்றி. ‘மீனுக்குப் பச்சை குத்துவது’ என்றாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்த அரோவானாக்காரர்தான் முதலில் கை தூக்கினார்.

கூட்டம் வீடுகளில் நடந்தால் முதல் முறை துணையோடு போங்கள், பிறகு பழகிவிடும். எங்கள் சங்கம் இப்போது ஒரு நூலகக் கூடத்தில் கூடுகிறது. பெண்களின் எண்ணிக்கை ஒன்பதாகியிருக்கிறது.

தம்பிக்கு ஒரு வார்த்தை. 70 லிட்டரில் நான்கு தங்கமீன்கள் அதிகம். தங்கமீன் கையளவு வளரும், கழிவும் மிகுதி. நன்றாக வைத்தால் பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழும். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் அதைப் போட்டு விற்பவர்களை எனக்குப் பிடிக்காது.

கசப்பு மருந்து | ஜூன் 4, இரவு 8.30

உங்கள் மகளுக்கு என் வணக்கம். எங்கள் குழுவில் அப்படி ஒருவர் எழுந்திருந்தால் நான் இன்னும் அங்கேயே இருந்திருப்பேன்.

ஆனால் கொளத்தூர் நண்பர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். விற்பவர்களும் சங்கத்தில் உறுப்பினராக இருக்கலாமா? இருந்தால் அது எப்படிச் சங்கம் ஆகும்?

கொளத்தூர் கப்பி | ஜூன் 4, இரவு 9.48

இருக்கலாம், இருக்கிறேன். மீன் விற்பவனுக்கு மீன்மேல் ஆசை இருக்காது என்று யார் சொன்னது? என் வீட்டு மாடியில் விற்பனைக்கே இல்லாத தொட்டி ஒன்று இருக்கிறது. ஒரே கப்பிக் குடும்பம், பதினோரு தலைமுறை.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தின் கடைசி அரைமணி ஏலம். யார் கொண்டுவந்தாலும், வியாபாரி ஆனாலும் பள்ளிக்கூடப் பையன் ஆனாலும், பையின் மேல் மீனின் பெயர், வளர்த்தவர் பெயர், எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்பதை எழுத வேண்டும். தான் வளர்த்த மீனை மட்டும்தான் வைக்கலாம், வாங்கி விற்க முடியாது. விலையில் பத்தில் இரண்டு பங்கு சங்கத்துக்கு. அதில் வாங்கியதுதான் பரிசோதனைக் கருவிகள், பையில் அடைக்கும் ஆக்சிஜன் உருளை, புயல் காலத்துப் பம்புகள். வரவு செலவைக் கூட்டத் தொடக்கத்திலேயே படிப்போம். உங்கள் குழுவில் கணக்குப் படிக்கவில்லை என்பதுதான் நோய். விற்பவன் இருந்ததை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

கசப்பு மருந்து | ஜூன் 4, இரவு 10.02

‘தான் வளர்த்தது மட்டும்’ என்பது நல்ல விதி. ஒப்புக்கொள்கிறேன். மற்றதைப் பார்க்கலாம்.

வைகைக்கரை | ஜூன் 5, காலை 7.15

சென்னையில் உங்களுக்குச் சங்கம் நல்லதா கெட்டதா என்று விவாதிக்கும் வசதி இருக்கிறது. மதுரையில் எங்கள் பகுதியில் சங்கமே இல்லை, நாங்களே தொடங்கினோம். தொடங்கியது மூன்று பேர்: கண் மருத்துவமனையில் வேலை செய்யும் ஒருவர், பேருந்து நடத்துநர் ஒருவர், நான். தேநீர்க் கடையில் அரைமணி நேரம் உட்கார்வோம். பதவி இல்லை, கட்டணம் இல்லை. ஒரே ஒரு விதி: வேண்டாத மீனைக் கண்மாயிலோ ஆற்றிலோ விடக் கூடாது, எங்களிடம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்றால், நடத்துநர் தன் டேங்க் கிளீனர் ஒரு அடிக்கு வளர்ந்ததும் ‘பாவம், பெரிய தண்ணீரில் பிழைக்கட்டும்’ என்று ஊர்க் கண்மாயில் விட்டவர். கடையில் விரல் நீளத்தில் விற்கும் அந்த மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. உடம்பெல்லாம் எலும்புத் தகடு, துடுப்பில் முள். இங்கே அதைத் தின்னும் உயிர்கள் மிகக் குறைவு. கரையில் வளை தோண்டி முட்டையிட்டுப் பெருகுகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே கண்மாயில் வலை போட்டவர், கெண்டை வர வேண்டிய இடத்தில் கறுப்பு மீன்களாக அள்ளிக் கரையில் கொட்டிக்கொண்டிருந்தார். வலை கிழிந்திருந்தது. நடத்துநர் அவரிடம் போய், விட்டவர்களில் நானும் ஒருவன் என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் திட்டவில்லை. “உங்களுக்குத் தெரியாமல் செய்தீர்கள்” என்றாராம். அன்றிரவு நடத்துநருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது பதினொரு பேர் இருக்கிறோம். நான்கு பேர் நாட்டு மீன்களை மட்டும் வளர்க்கிறார்கள். செத்தக்கெண்டை என்னும் நாட்டு மீனின் குஞ்சுகளைத் தாயும் தகப்பனும் சேர்ந்து காவல் காப்பதைப் பார்த்தவர்களுக்கு வெளிநாட்டு மீன் தேவைப்படாது. ‘மிஸ் கேரளா’ என்று விற்கும் சிவப்புக்கோட்டு மீனை மட்டும் ஆற்றில் பிடித்ததா வளர்த்ததா என்று கேட்காமல் வாங்குவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் சில ஆறுகளில் மட்டுமே இருப்பது அது. வணிகத்துக்காகப் பிடித்தே அருகிவரும் இனமாகிவிட்டது.

பெரம்பூர்த் தொட்டி | ஜூன் 8, இரவு 9.25

போய் வந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வில்லிவாக்கத்தில் ஒரு மாடி வீடு. வாசலில் இருபது ஜோடிச் செருப்புகள். அதைப் பார்த்ததுமே திரும்பிவிடலாமா என்றிருந்தது. படியேறும்போதே ஒருவர் என் கையிலிருந்த பாட்டில்களைப் பார்த்து, “எத்தனை லிட்டர் தொட்டி?” என்று கேட்டார். பெயர் கேட்கவில்லை. ஊர் கேட்கவில்லை. கடைசிவரை என்னை ‘எழுபது லிட்டர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். கிளம்பும்போதுதான் ஒரு பெரியவர் பெயரைக் கேட்டார்.

மாடித்தொட்டி ஐயா சொன்னது அப்படியே நடந்தது. பாட்டிலை வாங்கியதும் நான்கு பேர் சேர்ந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சொட்டு மருந்து விட்டுக் குலுக்கினார்கள். அம்மோனியா இல்லை என்றால் மஞ்சளாகவே இருக்குமாம். என்னுடையது பச்சை, நல்ல கரும்பச்சை. “மூன்று மோலிகள் இதில் உயிரோடு இருக்கின்றனவா? அவற்றுக்குச் சிலை வைக்க வேண்டும்” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நான் பயந்த சிரிப்புத்தான், ஆனால் வலிக்கவில்லை.

பிறகு குழாய்த் தண்ணீர். எங்கள் குடியிருப்பில் ஆழ்துளைக் கிணற்று நீர்தான் அதிகம். டி.டி.எஸ். (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) 900க்கு மேல் காட்டியது, பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 8. இது எனக்குப் புதிய செய்தி. அமில நீரோடையில் பிறந்த நியான் டெட்ராவை இந்த உப்புத் தண்ணீரில் போட்டது, மலைவாசியைக் கொண்டுவந்து மெரினா வெயிலில் நிறுத்தியதற்குச் சமம் என்றார்கள். பி.எச். ஏற ஏற, வெப்பம் ஏற ஏற, அதே அளவு அம்மோனியா இன்னும் கொடியதாகிறதாம். சென்னை ஜூன் மாதத்தில் என் தொட்டி 32 டிகிரியில் இருக்கிறது. சூடான நீரில் ஆக்சிஜனும் குறைவாகவே கரையும். மோலியும் கப்பியும் கடின நீரை விரும்புகிறவை, ஆகவேதான் என் வீட்டில் மோலி மட்டும் தாக்குப்பிடித்திருக்கிறது. தண்ணீரை மீனுக்கு ஏற்ப மாற்ற முயலாதே, தண்ணீருக்கு ஏற்ற மீனை வை என்று மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னார்கள்.

நோட்டைக் காட்டினேன். அந்தப் பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார். இறந்த தேதிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டே வந்தார். பிறகு திருப்பிக் காட்டினார். பதினேழில் பதிமூன்று மீன்கள் திங்கள், செவ்வாய், புதன் கிழமைகளில் இறந்திருக்கின்றன. ஞாயிறு சுத்தம் செய்த மூன்று நாட்களுக்குள். ஆறு மாதம் என் கையெழுத்திலேயே விடை இருந்திருக்கிறது.

கசப்பு மருந்து ஐயா சொன்னபடி பணப்பையை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போனேன். ஏலம் நடந்தது. நான் கேட்கவில்லை. யாரும் வாங்கச் சொல்லவும் இல்லை. மாறாக, “இன்னும் ஒரு மாதத்துக்கு உங்களுக்கு மீன் கொடுக்க மாட்டோம்” என்றார்கள். கொடுத்தது இரண்டு பொருட்கள். ஒரு கைப்பிடி ஜாவா பாசி. அப்புறம் ஒரு பஞ்சு. கன்னங்கரேல் என்று, தொட்டால் வழவழப்பாக, மழைக்காலக் குளத்தின் வாசனையோடு. அந்த வீட்டுக்காரர் தன் தொட்டி வடிகட்டியிலிருந்து பிடுங்கித் தொட்டித் தண்ணீரோடு பையில் போட்டுக் கொடுத்தார். வண்டியின் கொக்கியில் மாட்டிக்கொண்டு வந்தேன். அம்மா பையைத் திறந்து பார்த்துவிட்டு, “இதை வாங்கவா ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு தூரம் போனாய்?” என்றார்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். முதல் ஒரு மணி நேரம் செடித் தொட்டி பற்றி ஒருவர் படம் காட்டிப் பேசினார். கரியமில வாயு, ஒளியின் அளவு, உர அட்டவணை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்வரிசையில் இருவர் தூங்கினார்கள்.

நீலக்கால் இறால் | ஜூன் 8, இரவு 9.50

ஒவ்வொரு கூட்டத்திலும் பின்வரிசையில் இருவர் தூங்குவார்கள். அது விதி. அவர்களில் ஒருவன் நான்.

கொளத்தூர் கப்பி | ஜூன் 8, இரவு 10.10

பஞ்சைப் போட்டாயிற்றா? அதைக் கழுவிவிடாதீர்கள், அம்மாவிடமும் சொல்லிவையுங்கள். உங்கள் பழைய பஞ்சும் அதன் பக்கத்திலேயே ஓடட்டும். இரண்டு வாரத்துக்குத் தீனி ஒருநாள் விட்டு ஒருநாள், சிட்டிகை அளவு. இரண்டு நாளுக்கு ஒருமுறை கால்பங்கு தண்ணீர் மாற்றுங்கள், மாற்றும் தண்ணீரில் குளோரின் நீக்கும் மருந்து கட்டாயம். திறந்த வாளியில் ஒரு நாள் வைத்தாலும் குளோரின் போகும், ஆனால் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலந்திருந்தால் போகாது. மருந்தை நம்புங்கள்.

கசப்பு மருந்து | ஜூன் 9, காலை 8.00

கணக்குப் படித்தார்களா?

பெரம்பூர்த் தொட்டி | ஜூன் 9, காலை 8.20

படித்தார்கள் ஐயா. பஜ்ஜிக்கு 340 ரூபாய் என்று உட்பட.

கசப்பு மருந்து | ஜூன் 9, காலை 8.26

ம்.

பெரம்பூர்த் தொட்டி | ஜூலை 24, இரவு 9.05

இழையை மீண்டும் மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். நிலவரம் இதுதான். ஜூன் கடைசி வாரத்தில் அம்மோனியா மஞ்சளுக்கு வந்தது. ஆனால் நைட்ரைட் ஏறி ஊதா நிறம் காட்டியது, பயந்துபோய் இரவு பதினொரு மணிக்கு அந்தப் பெரியவருக்குத் தொலைபேசினேன். தினமும் தண்ணீரை மாற்று, இரண்டு சிட்டிகை கல்லுப்புப் போடு, தூங்கு என்றார். ஜூலை 9 முதல் இரண்டும் பூஜ்யம். மூன்று மோலிகளும் நலம், அவற்றில் ஒன்று தாயாகிவிட்டது. பாசிக்குள் எண்ணிப் பார்த்த வரையில் பதினான்கு குஞ்சுகள். நோட்டில் புதிய பக்கம் தொடங்கி ‘வரவு’ என்று தலைப்பிட்டிருக்கிறேன்.

ஜூலைக் கூட்டத்தில் கட்டணத்தைக் கட்டிவிட்டேன். ஏலத்தில் 80 ரூபாய்க்கு மூன்று ஜோடிக் கப்பி. பையின் மேல் வளர்த்தவர் பெயர், தண்ணீரின் டி.டி.எஸ். எல்லாம் எழுதியிருந்தது. இப்போது அவை 20 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில் தனிமையில் இருக்கின்றன, தெருமுனை வாதுமை மரத்தின் காய்ந்த இலை ஒன்று மிதக்க. ஆகஸ்ட் 3ஆம் தேதி வரை அங்கேதான். கசப்பு மருந்து ஐயாவின் ஆஸ்கரை நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் காத்திருக்கிறேன்.

இப்போது என் கேள்வி. ஆகஸ்ட் 10 கூட்டம் எங்கள் வீட்டில் என்று முடிவாகிவிட்டது. சீட்டுக் குலுக்கினார்கள், என் பெயர் விழுந்தது. அம்மா மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார், ஆனால் இரண்டு நாளாக ஒரே கவலை. இருபது பேருக்கு என்ன செய்வது? அவருடைய கைப்பக்குவம் மீன் வறுவல்தான், பெரம்பூரில் அதற்குப் பெயரே உண்டு. ஆனால் ‘மீனைப் பிள்ளைபோல் வளர்க்கிறவர்களுக்கு மீனை வறுத்து வைத்தால் தப்பாக நினைக்க மாட்டார்களா?’ என்று கேட்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை. கேசரியும் வடையும் போதுமா?

தங்கமீன் அம்மா | ஜூலை 24, இரவு 9.30

இருபது பேருக்குக் கேசரி என்றால் ஒன்றேகால் கிலோ ரவை போதும். சைவர்கள் நிச்சயம் இருப்பார்கள், ஆகவே வடை இருக்கட்டும். மீனைப் பற்றி என் கணவரைக் கேட்டேன். அதில் என்ன தப்பு என்று அவர்தான் கோபப்பட்டார்.

மாடித்தொட்டி | ஜூலை 24, இரவு 9.52

எங்கள் சங்கத்தில் பாதிப்பேர் காசிமேட்டில் ஞாயிறு காலை மீன் வாங்கிவிட்டுத்தான் கூட்டத்துக்கே வருவார்கள். அம்மாவைத் தயங்காமல் வறுக்கச் சொல்லுங்கள். தொட்டி இருக்கும் அறையில் வைத்துப் பரிமாற வேண்டாம், அவ்வளவுதான். எண்ணெய்ப் புகை நீரின் மேல் படலமாக நிற்கும்.

கசப்பு மருந்து | ஜூலை 24, இரவு 10.15

வஞ்சிரமா, சங்கராவா? வஞ்சிரம் என்றால் விருந்தாளியாக ஒருவருக்கு இடம் இருக்குமா என்று கேட்டுச் சொல்லுங்கள். கையில் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து வருகிறேன்.